மஞ்சள் அட்டையில் ஒரு கைநாட்டு

1

போன வருடம் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மூன்று வாரமாக ஒரு படிவம் தொங்கிக்கொண்டிருந்தது. இங்கே கவென்ட்ரியில் என் மகள் கவிதா படிக்கும் பள்ளிக்கூடம் அனுப்பியது. பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடப் போகிறோம், பெற்றோர் படித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பவும் என்று சாரம். கீழே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே, மேற்கண்ட விவரங்களைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

நான் தபால் அலுவலகக் கவுண்டரில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க அடுத்தவர் கையெழுத்தை வாங்குவதும் சரிபார்ப்பதும்தான் பிழைப்பு. எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாமல் இல்லை. பேனாவை எடுப்பேன், அந்தப் பொடி எழுத்து வரியைப் பார்ப்பேன், எரிச்சல் வரும், வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போய்விடுவேன். கவிதா மூன்று முறை கேட்டாள். நாளைக்கு நாளைக்கு என்றேன். என் கணவர், "உனக்குக் கிறுக்கா? நான் போட்டுடவா?" என்றார். நீங்கள் இதில் தலையிடாதீர்கள் என்று அவர் வாயையும் அடைத்தேன்.

பள்ளிக்கூடத்து நர்ஸோடு எனக்கு ஏற்கெனவே ஆகாது. ஒருமுறை கவிதாவுக்கு வயிற்றுப்போக்கு. லீவு சொல்ல போன் செய்து, "அவளுக்கு நேற்றிலிருந்து மோஷன்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த அம்மாள், ஆடி ஓடி இருப்பது நல்லதுதானே, அதற்கு ஏன் லீவு என்று கேட்டாள். இன்னொரு முறை, நான் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றில் புரதம் போதாது என்று ஒரு துண்டுச் சீட்டு வந்தது. காவிரித் தண்ணீரில் விளைந்ததைத் தின்று வளர்ந்தவளுக்குக் கவென்ட்ரிக்காரி சோறு சொல்லிக் கொடுக்கிறாள் என்று அன்றைக்கு முழுக்கக் குமைந்தேன்.

அந்த நர்ஸ்தான் மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் கவுண்டரில் இருந்த என்னைப் போனில் கூப்பிட்டாள். உங்கள் படிவம் வரவில்லை, ஆனால் கவலை வேண்டாம், உங்கள் மகளோடு பேசினோம், விஷயத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறாள், அவளே சம்மதம் கொடுத்தாள், ஊசி போட்டாயிற்று என்றாள். பெற்றவள் கையெழுத்து இல்லாமல் பிள்ளை தானே போடலாமாம். இந்த நாட்டில் அது சட்டப்படி சரியாம்.

சாயங்காலம் கவிதா வந்ததும் பிடித்துக்கொண்டேன். "பெத்தவ நான் ஒருத்தி இருக்கேன். என்னக் கேக்காம நீ எப்படிடீ போடுவே?"

"மூணு தடவ கேட்டேன்மா."

"இன்னொரு தடவ கேட்டா என்ன?"

அவள் பையைக் கழற்றிக்கூட வைக்கவில்லை. தமிழில் ஆரம்பித்து, கோபம் வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறினாள். நீ கையெழுத்துப் போடாததால் எனக்கு நாளைக்கு ஒரு வியாதி வந்திருந்தால் யார் பொறுப்பு அம்மா, ஒரு ஃபார்ம், வெறும் ஃபார்ம், அதில் உனக்கு என்ன பயம் என்று கேட்டாள். கேட்டுவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சமையலறையில் நின்றபடி அழுதேன். அவள் நினைத்திருப்பாள், மகள் தன்னை மதிக்கவில்லை என்று அம்மா அழுகிறாள் என.

2

எனக்கு என்ன பயம் என்று சொல்வதற்கு எங்கள் ஊருக்குப் போக வேண்டும். கூத்தாநல்லூருக்குத் தெற்கே நாலு மைல், நல்லாங்கண்டி. எழுபதுகளின் தொடக்கம். கழக ஆட்சி வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சுவரில் ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் அரிவாள். நான் ஒன்பதாம் வகுப்பு. என் அப்பா அந்த உயர்நிலைப் பள்ளியின் எழுத்தர். ஊரில் ரைட்டர் என்பார்கள். நான் ரைட்டர் மகள். பள்ளிக்கூடம் நின்ற இடம் பெரிய பண்ணை கொடுத்தது, அதனால் பள்ளிக் குழுத் தலைவரும் பண்ணைதான். தலைமை ஆசிரியர் பண்ணை வீட்டுக்கு எதிரில் நடக்கும்போது குடையை மடக்கிவிடுவார், மழை பெய்தாலும்.

அந்த வருடம் மாணவர் நல்வாழ்வுத் திட்டம் என்று ஒன்று வந்தது. ஜீப்பில் ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், எடை பார்க்கும் மெஷின். பிள்ளைக்கு ஒரு மஞ்சள் அட்டை. உயரம், எடை, பல், கண், காது, நெஞ்சு என்று கட்டம் கட்டமாக இருக்கும். பண்ணையாட்களின் பிள்ளைகளுக்கெல்லாம் ரத்தம் கம்மி என்று கண்டுபிடித்தார்கள். அதைக் கண்டுபிடிக்க ஜீப் வேண்டாம், என் அம்மாவைக் கேட்டிருந்தால் வாசலில் நின்றே சொல்லியிருப்பாள். தினம் ஒரு முட்டை, கீரை, பேரீச்சம்பழம் சாப்பிட வேண்டும் என்று கம்பவுண்டர் அறிவுரை சொன்னார். அப்போது வெளியே வயலில் போலீஸ் காவலோடு வெளியூர் ஆட்கள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். கூலியில் அரை மரக்கால் நெல் கூடுதலாகக் கேட்டதற்காக உள்ளூர் ஆட்களுக்கு வேலையில்லை. பேரீச்சம்பழம் சாப்பிடு என்றால் அந்தப் பிள்ளைகள் என்ன செய்யும்? சிரித்தன. கொடுத்த இரும்புச் சத்து மாத்திரை வெளிக்குப் போவதைக் கறுப்பாக்கியது. பயந்துபோய் எல்லாவற்றையும் மதகடியில் வீசிவிட்டன.

திட்டத்தால் எங்கள் பள்ளிக்குக் கிடைத்தது ஒரு ஷீல்டு. எல்லா அட்டையும் பெற்றோர் கையெழுத்தோடு முழுமையாக இருந்ததற்காக. பண்ணை கையால் தலைமை ஆசிரியர் வாங்கிக்கொண்டார், நாங்கள் கை தட்டினோம்.

இதையெல்லாம் சொல்வதால் அந்த டாக்டர் மோசமானவர் என்று நினைக்க வேண்டாம். மற்றப் பிள்ளைகளுக்கு நெஞ்சில் குழாயை வைத்து எடுத்துவிட்டார். பாக்கியத்தின் முறை வந்தபோது வைத்தவர் எடுக்கவில்லை. இடம் மாற்றி மாற்றி வைத்தார். மூச்சை இழு என்றார், விடு என்றார், பெஞ்சில் படுக்கச் சொன்னார். வரிசையில் அவளுக்குப் பின்னால் நான்தான் நின்றேன்.

"சின்னதுல காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்குச்சா?"

"வீங்குச்சுங்க. ரெண்டு தடவ."

"மேல் மூச்சு வாங்குதா?"

"நடவுக்குப் போனா வாங்குங்க. எல்லாருக்குந்தானே வாங்கும்?"

அவர் அட்டையை எடுத்தார். இங்கிலீஷில் நாலு வரி எழுதினார், அடியில் இரண்டு கோடு போட்டார். "ஓடாத. கார்டுல எல்லாம் எழுதியிருக்கேன், அப்பாகிட்ட குடு" என்றார். கல்யாணமாக வேண்டிய பெண்ணிடம் நெஞ்சில் கோளாறு என்று நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாது என்று நினைத்திருக்கலாம், அன்றைய வழக்கம் அப்படித்தான். அதற்குள் வரிசையில் இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள்.

3

பாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெற்குத் தெருவிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை வந்த முதல் பெண் அவள். தெற்குத் தெரு என்றால் எங்கள் பக்கத்தில் எந்தத் தெரு என்று விளக்க வேண்டியதில்லை. ட்ரில் வகுப்பில் எப்போதும் கடைசியாக ஓடி வருவாள், உதடு நீலமாக இருக்கும். ட்ரில் மாஸ்டர் சோம்பேறிக் கழுதை என்று குட்டுவார். டாக்டர் ஓடாதே என்று எழுதிக் கொடுத்த பிறகும் குட்டினார், அவர் அட்டையைப் பார்த்ததே இல்லை.

அவள் அப்பா கோவிந்தன். பண்ணைக்கு ஆள், கூடவே ஒன்றரை மா நிலம், அதாவது அரை ஏக்கர், குத்தகைக்கு வைத்திருந்தார். நான் அப்போது அவரைக் கோவிந்தன் என்றுதான் சொல்வேன், நேரில் 'வா கோவிந்தா, போ கோவிந்தா' என்பேன். பதினான்கு வயதுப் பெண் நாற்பதை நெருங்கும் மனிதரை. அவர் என்னைப் 'பாப்பா' என்பார், 'வாங்க' என்பார். இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை.

குத்தகைதாரர் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்திருந்த நேரம் அது. தாசில்தார் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து யார் உழுகிறார்கள் என்று எழுதப் போகிறார்கள் என்று பேச்சு. அதற்கு முன்னால் பண்ணையின் காரியக்காரர்கள் வீடு வீடாகப் போனார்கள். உரக் கடனுக்கு என்பார்கள், ரேஷன் கார்டுக்கு என்பார்கள், ஒரு வெள்ளைத் தாளில் கைநாட்டு வாங்கிப் போவார்கள். பிறகு அந்தத் தாளில், நிலத்தை என் சுய சம்மதத்தில் விட்டுவிட்டேன் என்று எழுதப்பட்டிருக்கும். இரண்டு மூன்று பேர் அப்படிப் போனார்கள். விவசாயிகள் சங்கத்துக்காரர்கள் தெருவுக்குத் தெரு வந்து சொன்னார்கள்: எந்தத் தாளிலும் விரல் வைக்காதே, கடவுளே வந்து கேட்டாலும் வைக்காதே. தெற்குத் தெருவில் பாதி ஆண்கள் இடது பெருவிரலில் துணியைச் சுற்றிக்கொண்டு திரிந்தார்கள். யாராவது தாளோடு வந்தால், அரிவாள் பட்டுடுச்சுங்க என்று காட்டுவதற்கு.

அந்த நேரத்தில் பண்ணை தலைவராக இருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து, இங்கிலீஷில் எழுதி, அடியில் கைநாட்டுக்கு இடம் விட்டு ஒரு மஞ்சள் அட்டை போனால் கோவிந்தன் என்ன செய்வார்? நான் அவராக இருந்தால் கிழித்தே போட்டிருப்பேன்.

"வைக்க மாட்டேங்கிறாருடி" என்றாள் பாக்கியம். கோரையாற்று மதகில் உட்கார்ந்திருந்தோம். "அடிக்கவே வந்துட்டாரு. ஒன்ன வச்சு என் நெலத்தப் புடுங்கப் பாக்குறானுவளான்னு கத்துறாரு."

"சாமிக்கண்ணு வாத்தியார்கிட்ட குடுத்துப் படிச்சுக் காட்டச் சொல்லேன்."

"அவரு பண்ணை வீட்டுல டியூசன் எடுக்குறாரு. அவரு படிச்சா அப்பா நம்புவாரா?"

மறுநாள் காலை பிரேயரில் தலைமை ஆசிரியர் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அட்டை வராத பிள்ளை சனிக்கிழமை முதல் வகுப்புக்கு வர வேண்டாம். கைநாட்டுப் பெற்றோர்களின் பிள்ளைகள் தாங்களே விரலை வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். மை இருக்கிறதா என்று அந்தப் பிள்ளைகளின் விரல்களை வரிசையில் நிறுத்திப் பார்த்தார். ஒருவன் மாட்டி, முழங்காலில் நின்றான்.

பாக்கியம் அழவில்லை. "நாளையோட சரி. நாளன்னிக்குப் பக்கத்து ஊருக்கு நாத்துப் பறிக்கப் போவணும்" என்றாள், ஏதோ சந்தைக்குப் போவதைப் போல.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஒன் வெரலத்தானே பாப்பாரு? என் வெரல யாரு பாப்பா?" என்றேன்.

அவள் பயந்தாள். "அப்பாவுக்குத் தெரிஞ்சா கொன்னே போட்டுடுவாரு."

"அவருக்கு யாரு சொல்லப் போறா?"

மத்தியானம் அப்பா சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தபோது ஆபீஸ் அறைக்குள் போனேன். ஊதா மை ஸ்டாம்ப் பேடு மேசையிலேயே இருந்தது. என் இடது பெருவிரலை அமுக்கி, கோட்டுக்கு மேல் உருட்டி வைத்தேன். நன்றாக விழுந்தது. பக்கத்தில் பாக்கியம், கோவிந்தன் இடது பெருவிரல் ரேகை என்று அழகாக எழுதினாள். அந்த வரியின் மேலே அச்சில் இருந்தது: மேற்கண்ட விவரம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டு, அதைப் புரிந்துகொண்டேன்.

டாக்டரின் இங்கிலீஷ் கிறுக்கல் எங்களுக்குப் புரியவில்லை, அந்த வரியை மட்டும் இரண்டு பேரும் படித்தோம். ஏதோ வழக்கமாகப் போடுவது என்று விட்டுவிட்டோம்.

4

அட்டை போய்ச் சேர்ந்தால் அடுத்து ஜீப் வரும், பாக்கியத்தைத் தஞ்சாவூருக்கு ஏற்றிப் போகும் என்று நான் நினைத்திருந்தேன். எழுதியவர் டாக்டர், கைநாட்டும் ஆயிற்று, பிறகு என்ன? அந்த வயதில் அரசாங்கத் தாளுக்கு நான் கொடுத்த மரியாதை அது.

சனிக்கிழமை மாலை அப்பா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அட்டைகளை எல்லாம் ரிஜிஸ்தரில் ஏற்றிக்கொண்டிருந்தவர், ஒன்றைத் தூக்கிப் பிடித்துச் சொன்னார்.

"தெற்குத் தெரு கோவிந்தன் பொண்ணுக்கு நெஞ்சுல கோளாறு போல. தஞ்சாவூருக்கு உடனே கூட்டிட்டுப் போவணும்னு போட்டிருக்காரு. ஹெட்மாஸ்டர்கிட்ட கேட்டேன், அவன எதுக்கும் கூப்பிட்டுச் சொல்லிடுவமான்னு."

"என்ன சொன்னாரு?"

"படிச்சுக் காட்டிக் கைநாட்டு வாங்கியாச்சே, இனி அவன் பொறுப்புன்னுட்டாரு. அதுவும் சரிதானே."

தெரிவிக்கப்பட்டது என்று எழுதி, மை ஒற்றுத் தாளை அழுத்தினார். நான் நிலைப்படியில் நின்றேன். 'அப்பா, அந்த ரேகை என்னுடையது' என்று சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஒரு வாக்கியம். சொன்னால் அப்பாவின் கை என் கன்னத்தில் விழும், அப்பாவுக்கு வேலை போகும் என்று ஒரு பயம். வாயைத் திறக்காமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

முழுக்கச் சொன்னால் கைநாட்டு விஷயம் வெளியே வந்துவிடும் என்று பாக்கியத்திடம் மட்டும் ஜாடையாகச் சொன்னேன். "ஒரு தடவ தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பாரேன்." எதற்கு என்றாள். சும்மாதான் என்றேன். "எங்க அறுப்பு முடியட்டும்" என்றாள். அறுப்பு முடிந்தது, அடுத்த போகம் தாளடி நட்டார்கள், அதுவும் முடிந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போட்டிருந்தால் போதும், அந்த இதயம் மேலும் கெடாமல் பெரும்பாலும் தாக்குப்பிடித்திருக்கும் என்று பல வருடம் கழித்து இங்கே ஒரு டாக்டரம்மாள் எனக்கு விளக்கினார். அந்த ஊசி அப்போதே கூத்தாநல்லூர் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கும், இலவசமாக.

வியாதியைக் கண்டுபிடித்தார்கள், எழுதினார்கள், கோடு போட்டார்கள். இதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. ஒன்றுமே கண்டுபிடிக்காமல் போயிருந்தால்கூட விதி என்று விட்டிருப்பேன்.

5

பாக்கியம் பத்தாவதில் கணக்கில் தவறினாள். பத்தொன்பது வயதில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். ஏழாம் மாதம் வயிற்றுப் பிள்ளையோடு மூச்சு முட்டி, தஞ்சாவூருக்குத் தூக்கிப் போனார்கள். வீட்டுக்காரன் அவள் படிப்புச் சான்றிதழ்கள் இருந்த பையையும் எடுத்துப் போயிருக்கிறான், ஆஸ்பத்திரியில் என்ன தாள் கேட்பார்களோ என்று. டி.சி.யோடு பள்ளிக்கூடம் கொடுத்த மஞ்சள் அட்டை அதற்குள் இருந்தது. அவளும் போனாள், பிள்ளையும் போயிற்று. வார்டு டாக்டர் அட்டையைப் பார்த்துவிட்டு, கோவிந்தனை வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கேட்டாராம்: ஆறு வருசத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கு, நீ கைநாட்டு வெச்சிருக்கே, எப்படிய்யா பிள்ளையக் கட்டிக் குடுத்தே?

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், காரியம் முடிந்த மறுநாள் கோவிந்தன் அட்டையோடு பள்ளிக்கூடத்துக்கே வந்தார். எங்கள் வீடு பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டியது. நான் பி.எஸ்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். இங்கிலாந்து மாப்பிள்ளை அமைந்து, தாம்பூலம் மாற்றியிருந்தார்கள்.

"இது என் ரேகை இல்ல!" அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "ரைட்டரே, வந்து பாருங்க. நான் எந்தத் தாளுலயும் வெரலு வச்சதில்ல. எங்க ஆயா சத்தியமா இது என்னுது இல்ல!"

என் அப்பா வெளியே வந்து தணிவாகத்தான் பேசினார். "கோவிந்தா, பழைய சங்கதி. மறந்திருப்ப. போ, போயி வீட்டுல இரு."

"மறக்கிற சங்கதியாங்க இது?"

நான் சன்னலுக்குப் பின்னால் நின்றேன். வெளியே போய் நின்றிருந்தால் அப்பாவின் மானம் போகும், சம்பந்தம் முறியும். கோவிந்தன் வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார். பெருவிரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகக் காட்டினார். ட்ரில் மாஸ்டர் வந்து தோளைப் பிடித்து வெளியே விட்டார். ஆறு வாரத்தில் நான் விமானம் ஏறினேன்.

அத்தோடு நிற்கவில்லை. அந்த ஒன்றரை மா நிலத்துக்கும் காரியக்காரன் ஒரு கைநாட்டுத் தாளை எடுத்து நீட்டினான். அதுவும் பொய் ரேகை என்று கோவிந்தன் கத்தினார். அது பொய்தான் என்று நான் முழுதாக நம்புகிறேன். ஆனால் சங்கத்துக்காரர்களே அவரை நம்பவில்லை. அட்டைக்கும் இப்படித்தானே சொன்னே, அங்க வச்சவன் இங்கயும் வச்சிருப்பே என்றார்கள். பண்ணையால் வருடக்கணக்கில் அசைக்க முடியாத மனிதரை என் விரல் சாய்த்தது. இதை அப்பா ஒரு கடிதத்தில் ஊர்ச் செய்தியாக எழுதியிருந்தார், கோயில் தேர் ஓடியதற்கும் எங்கள் பசு கன்று போட்டதற்கும் நடுவில்.

6

கவிதா கதவைச் சாத்திக்கொண்ட அன்றைக்கு மறுநாள் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் தமிழில் பாதி அவளுக்குப் புரியாது. மரக்கால் என்றால் என்ன, மா என்றால் என்ன, ஏன் ஒரு தெருவை அப்படிச் சொல்கிறாய் என்று நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டாள். "அந்த அப்பா இருக்காரா?"

இருக்கிறார் என்றேன். "அப்ப ஏன் இங்க உக்காந்திருக்கே?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு எல்லாம் சுலபம், இதயத்தில் இருப்பதைப் பேசினால் தீர்ந்துவிடும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று மனசுக்குள் திட்டினேன். ஆனாலும் தை மாதம் டிக்கெட் எடுத்தேன்.

அப்பா போய்ப் பல வருடம் ஆகிறது. பள்ளிக்கூடத்து ஆபீஸில் அவர் படம் மாலையோடு இருக்கிறது. கோவிந்தன் தெற்குத் தெருவில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீட்டில் தனியாக இருக்கிறார். வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். கண் சரியாகத் தெரியவில்லை.

"யாரு?"

"ரைட்டர் மகளுங்க. வெளிநாட்டுல இருக்கேன்."

"பாப்பாவா? வாங்க. உக்கார எடமில்லியே."

நான் தரையில் உட்கார்ந்தேன். ஐயா என்று கூப்பிட்டேன். அந்த வார்த்தை காதிலேயே விழாததைப் போல இருந்தார். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். எந்த அட்டை, எந்த மேசை, எந்த மை, யார் விரல்.

அவர் அடிப்பார், திட்டுவார், அழுவார் என்று எதற்கும் தயாராகப் போயிருந்தேன். அவர் என் இடது கையைக் காட்டச் சொன்னார். தொடவில்லை. கண்ணருகே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தார்.

"சின்ன வெரலு" என்றார். "அப்ப இன்னும் சின்னதா இருந்திருக்கும். என் வெரலு மம்பட்டி புடிச்ச வெரலு, ரேகையே தேஞ்சு கெடக்கு. பக்கத்துல வச்சுப் பாத்திருந்தா குருடனுக்கும் தெரிஞ்சிருக்கும். ஒருத்தரும் பாக்கல. நானும் கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டேன்."

"என்ன மன்னிச்சுடுங்க ஐயா."

"அது கெடக்கட்டும். என் பொஞ்சாதி சாவுற வரைக்கும் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கல பாப்பா. புள்ள நோவு தெரிஞ்சே மூடி வச்சுக் கட்டிக் குடுத்த பாவின்னே சொல்லிச் செத்தா. மருமவன் ஊருல இன்னமும் அந்தப் பேச்சுதான். எனக்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம். நாளைக்குச் சாயங்காலம் மாரியம்மன் கோயில் வாசலுக்கு வாங்க. தெருவக் கூட்டுறேன். எனக்குச் சொன்னத அப்படியே அங்க சொல்லுங்க. நாலு பேரு காதுல விழட்டும். அது போதும்."

"வர்றேங்க ஐயா. கட்டாயம் வர்றேன்" என்றேன்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனேன். புதுத் தலைமை ஆசிரியர், எங்க ரைட்டர் ஐயா மகளா என்று டீ வாங்கிக் கொடுத்தார். ஓய்வு பெற்ற வாத்தியார்கள் இருவர் அப்பாவின் நேர்மையைப் பற்றிப் பேசினார்கள், ரிஜிஸ்தரில் ஒரு அடித்தல் இருக்காது என்றார்கள். நான் தலையாட்டினேன். மத்தியானம் கார் கூப்பிட்டேன். சாயங்காலம், தெரு கூடியிருக்கும் நேரம், நான் திருச்சி விமான நிலையத்தில் இருந்தேன், என் டிக்கெட்டுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தும் பணம் கட்டி மாற்றிக்கொண்டு. கவிதாவிடம், சொல்லிவிட்டேன், எல்லாம் முடிந்தது என்றேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

ஆக, கோயில் வாசலிலும் அந்தக் கிழவர் ஒருமுறை பொய்யராகியிருக்கிறார். ரைட்டர் மகள் வந்து சொல்லப் போகிறாள் என்று தெருவையே கூட்டிவிட்டு, இருட்டும் வரை நின்றிருப்பார்.

இந்தப் பத்திரிகை கூத்தாநல்லூர்க் கடைகளில் தொங்கும் என்று எனக்குத் தெரியும். நல்லாங்கண்டிப் பக்கத்துக்காரர் யாராவது இதைப் படித்தால், தெற்குத் தெருவுக்குப் போங்கள். கோவிந்தன் ஐயாவுக்கு எழுத்து தெரியாது, கண்ணும் தெரியாது. அவரைத் தனியாக உட்காரவைத்து அவர் காதில் படிக்க வேண்டாம், அவருக்கு இது எல்லாம் தெரியும். கோயில் வாசலில் தெருவைக் கூட்டுங்கள். மருமகன் ஊரிலிருந்தும் ஆள் வரச் சொல்லுங்கள். பிறகு சத்தமாகப் படியுங்கள்: மஞ்சள் அட்டையில் இருந்தது ரைட்டர் மகளின் இடது பெருவிரல் ரேகை, கோவிந்தன் எந்தத் தாளிலும் விரல் வைத்ததில்லை. நான் வர மாட்டேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும். சீக்கிரம் போங்கள், அவருக்கு வயதாகிவிட்டது.